ஸ்பிரிண்ட் முடிகிறது, வேலை முடிவதில்லை: புதிதாக லீட் ஆனவருக்கு

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனியில் எட்டு வருடம் ஜாவா டெவலப்பராக இருந்தவர். சமீபத்தில் டீம் லீட் ஆக்கியிருக்கிறார்கள். அவரையும் சேர்த்து டீமில் 9 பேர்: ஆறு டெவலப்பர்கள் (அதில் இரண்டு பேர் ஃபிரெஷர்), இரண்டு டெஸ்டர்கள், இவர். எதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று எடுத்துச் செய்யும் சுற்று. ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்ட ஸ்டோரிகளில் (பயனருக்கு வேண்டிய ஒரு வசதிக்கான வேலை) பாதி அடுத்த ஸ்பிரிண்டுக்கு வழிந்துவிடுகிறது. பக்கத்து டீம் 60 பாயிண்ட் முடிக்கிறதே, நீங்கள் ஏன் 38-லேயே நிற்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்கிறார். வேண்டுமானால் இன்னும் இரண்டு பேர் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது கிளையண்ட். டீமிலேயே நல்ல டெவலப்பர் வெளியே இன்டர்வியூ போவதாகக் காதில் விழுகிறது. "நான் மேனேஜராகப் போவதா, ஆர்கிடெக்டாகப் போவதா? ஜிராவை (வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருள்) விட்டு வேறு டூலுக்கு மாறினால் ஏதாவது சரியாகுமா?" இதுதான் அவர் கேள்வி.

முதலில் ஸ்பிரிண்ட் வழிவதைப் பார்ப்போம். மற்ற எல்லாமே அதில்தான் தொங்குகின்றன.

உங்கள் டீம் சோம்பேறி டீம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரவு பத்து மணிக்கும் லேப்டாப் திறந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வேலைதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. லீடாக நீங்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை.

நாளைக்குக் காலையில் ஜிரா பலகையைத் திறந்து, தொடங்கி இன்னும் முடியாத டிக்கெட்டுகள் (ஒவ்வொரு வேலைக்கும் போடும் பதிவு) எத்தனை என்று எண்ணுங்கள். கோடிங்கில் இருப்பது, ரிவ்யூவுக்குக் கிடப்பது, டெஸ்டிங்குக்குக் கிடப்பது, கிளையண்ட் பதிலுக்காக நிறுத்தி வைத்தது, எல்லாவற்றையும் சேர்த்து. ஒரு பேச்சுக்கு 24 என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கடந்த இரண்டு மாதத்தில் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை டிக்கெட் முழுசாக முடிந்தது என்று பாருங்கள். 6 என்று வைப்போம். 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4. அதாவது இன்று கையில் எடுக்கும் ஒரு வேலை முடிய சராசரியாக 4 வாரம் ஆகும். உங்கள் ஸ்பிரிண்டோ 2 வாரம். பாதி வழியாமல் என்ன செய்யும்?

இந்த வகுத்தல் கணக்குக்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் இதற்கு நிரூபணம் கொடுத்தார். வரிசை என்று ஒன்று இருக்கிற இடத்தில் எல்லாம் பொருந்தும்; வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஓரளவு நிலையாக இருந்தால் போதும். இதில் ஆட்களின் திறமை, ஆர்வம், மேனேஜரின் கோபம் எதற்கும் இடமில்லை. முடியும் வேகம் அப்படியே இருக்க, கையில் இருப்பதை 24-இலிருந்து 8-ஆகக் குறைத்தால், ஒரு வேலைக்கு ஆகும் காலம் பத்து நாளுக்குள் வந்துவிடும். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்க வேண்டாம்.

9 பேர் டீமில் 8 வேலைதான் என்றால் யாராவது சும்மா இருப்பார்களே என்று உடனே தோன்றும். சர்வீஸ் கம்பெனியில் இந்தப் பயம் இன்னும் அதிகம். டைம்ஷீட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு டிக்கெட் நம்பர் வேண்டும், எல்லாரும் நூறு சதவீதம் பில்லிங்கில் இருக்க வேண்டும். அதனால் ஒரு வேலை தடைபட்டால் அதைப் பிடித்துத் தள்ளாமல் புதிதாக இன்னொன்றைத் தொடங்கிவிடுகிறோம். கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் சாம்பார் வரைக்கும் பரிமாறிவிட்டு, ரசமும் மோரும் வராமலே அடுத்த பந்திக்கு இலை போடுவது போலத்தான் இது. உட்கார்ந்தவர்களும் எழ முடியாது, நிற்பவர்களும் உட்கார முடியாது. பரிமாறுகிறவர்களோ ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வரிசைக் கணக்கில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே ஆள் செய்கிற, எப்போது வரும் என்று சொல்ல முடியாத வேலைகளை எளிய முறையில் கணக்கிட்டால், அந்த ஆள் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு வேலை வரிசையில் காத்திருக்கும் நேரம், அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. உங்கள் இரண்டு டெஸ்டர்களும் எப்போதும் மூச்சு முட்ட வேலை பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அவர்கள் மேஜையில் ஏன் டிக்கெட் குவிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். அவர்களை இன்னும் வேகமாகச் செய்யச் சொல்வதில் பயனில்லை.

சரி, வேலை உட்காரும் இடங்கள் எவை? நான் பார்த்த டீம்களில் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, கோட் ரிவ்யூ. ஒரு டெவலப்பர் இரண்டு நாளில் எழுதி முடித்ததை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் மூன்று நாள் கிடக்கும். காரணம், எல்லாருக்கும் "சொந்த" டிக்கெட் இருக்கிறது. அடுத்தவர் எழுதிய கோட் படிப்பது யாருடைய அப்ரைசலிலும் வருவதில்லை. இதற்கு ஒரே ஒரு வழக்கம் போதும்: காலையில் வந்ததும் புதுக் கோட் எழுதுவதற்கு முன்னால் காத்திருக்கும் ரிவ்யூக்களை முடிப்பது. முதல் ஆளாக நீங்கள் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள். கூடவே புல் ரிக்வெஸ்ட், அதாவது ரிவ்யூவுக்கு அனுப்பும் கோட் மாற்றம், சின்னதாக இருக்க வேண்டும். 1,500 வரி மாற்றத்தை யாராலும் உண்மையில் படிக்க முடியாது. கீழே உருட்டிப் பார்த்துவிட்டு அப்ரூவ் அழுத்துவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோட் மளமளவென்று எழுதித் தருகின்றன. எழுதுவது வேகமாகி, படிப்பது அதே வேகத்தில் இருந்தால் இந்த வரிசை இன்னும் நீளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, டெஸ்டிங். ஸ்பிரிண்டின் எட்டாம் நாள் வரை டெஸ்டர்களுக்குக் கையில் ஒன்றும் வராது. ஒன்பதாம் நாள் பத்து டிக்கெட் ஒன்றாக வந்து விழும். பத்தாம் நாள் டெமோ. இதற்கு மருந்து ஸ்டோரியைச் சின்னதாக வெட்டுவது. உதாரணத்துக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கிளையண்டுக்கு "பாலிசி புதுப்பித்தல்" திரை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எப்படிப் பிரிப்போம்? டேட்டாபேஸ் ஒரு டிக்கெட், அதையும் திரையையும் இணைக்கும் ஏபிஐ ஒரு டிக்கெட், திரை ஒரு டிக்கெட். மூன்றும் சேரும் வரை டெஸ்ட் செய்ய எதுவுமே இருக்காது. அதையே குறுக்குவாட்டில் வெட்டிப் பாருங்கள்: முதலில் தவணை தவறாத, முகவரி மாறாத வாடிக்கையாளர் ஒரே ஒரு கட்டண வழியில் புதுப்பிப்பது மட்டும். டேட்டாபேஸ் முதல் திரை வரை மெல்லியதாக, ஆனால் முழுதாக. அது மூன்றாம் நாளே டெஸ்டர் கையில் இருக்கும். அப்புறம் தாமதக் கட்டணம், நாமினி மாற்றம், அடுத்த கட்டண வழி என்று ஒவ்வொன்றாகச் சேரும். இப்படி வெட்டக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடிக்கும். முதலில் டெவலப்பர்கள் முனகுவார்கள், ஒரே கோப்பை நாலு தடவை தொட வேண்டியிருக்கிறதே என்று. பொறுத்துக்கொள்ளுங்கள். லீட் வேலையில் நான் மிக முக்கியமாக நினைக்கும் திறமை இதுதான், எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் இதைப் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை.

டெஸ்டரை ஸ்டோரி தொடங்கும் நாளிலேயே டெவலப்பர் பக்கத்தில் உட்கார வைப்பதும் உதவும். எதையெல்லாம் சோதிக்கப் போகிறேன் என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி பக் பிறக்கவே பிறக்காது. பழைய வசதிகள் உடையவில்லையே என்று பார்க்கும் ரிக்ரஷன் சோதனைகளைத் தானியங்கியாக எழுதும் வேலையை டெவலப்பர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அது டெஸ்டர் வேலை என்ற எண்ணம் இருக்கும் வரை அந்த இரண்டு பேர்தான் உங்கள் டீமின் வேகம்.

மூன்றாவது, நியூ ஜெர்சி. சென்னைக்கும் அங்கேக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். காலை 11 மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பதில் நம் ராத்திரியில் வரும், மறுநாள் காலையில்தான் படிப்போம். ஆக ஒரு கேள்விக்கு ஒரு நாள். மூன்று இடத்தில் தெளிவில்லாத ஸ்டோரி என்றால் மூன்று நாள் போய்விட்டது. இதில் இரண்டு விஷயம் செய்யலாம். அடுத்த ஸ்பிரிண்டில் வரப்போகும் ஸ்டோரிகளை இந்த ஸ்பிரிண்டின் நடுவிலேயே பிராடக்ட் ஓனரோடு உட்கார்ந்து படித்து, கேள்விகளை அப்போதே கேட்டுவிடுவது ஒன்று. இன்னொன்று, கேள்வி அனுப்பும்போதே "நாளைக்குள் பதில் வராவிட்டால் நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம்" என்று ஒரு முடிவையும் சேர்த்து எழுதுவது. பெரும்பாலான நேரம் அந்த முடிவே சரியாக இருக்கும். தவறாக இருந்தால் மறுநாள் திருத்தம் வந்துவிடும். ஒரு நாள் கைகட்டி உட்கார்ந்திருந்ததைவிட அது மேல்.

இதெல்லாம் நம் ஊர் ஆஃப்ஷோர் நிலைமைக்கு ஒத்துவருமா என்று சந்தேகம் வரலாம். மென்பொருள் வேலையில், கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைத்து நடத்தும் கன்பான் முறையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எடுத்துச் சொல்லும் ஆரம்பகால உதாரணமே ஹைதராபாத்தில் நடந்ததுதான். 2004-இல் மைக்ரோசாஃப்டின் உள் ஐடி பிரிவுக்கு ஒரு பராமரிப்பு டீம் இருந்தது. மேலாளர் அமெரிக்காவில், டெவலப்பர்களும் டெஸ்டர்களும் ஹைதராபாத்தில். மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள் என்ற அளவில் சிறிய டீம். ஒரு கோரிக்கை முடிய ஐந்து மாதம் போல ஆகிக்கொண்டிருந்தது. அந்தப் பிரிவிலேயே பெயர் கெட்ட டீம் அதுதான். டிராகோஸ் டுமிட்ரியு என்பவர் மேலாளராகப் பொறுப்பேற்று, பின்னாளில் கன்பான் முறையைப் பரப்பிய டேவிட் ஆண்டர்சனின் உதவியோடு அந்த டீமின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார். புதிதாக வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 48 மணி நேரத்துக்குள் எஸ்டிமேட் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு எஸ்டிமேட்டுக்கு ஒரு டெவலப்பருக்கு ஒரு நாள், ஒரு டெஸ்டருக்கு ஒரு நாள் என்று போனது. டீமின் மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு எஸ்டிமேட் போடவே போய்க்கொண்டிருந்தது. அதிலும் எஸ்டிமேட் போட்டவற்றில் ஏறத்தாழ பாதி செய்யப்படவே இல்லை.

அவர்கள் செய்தது எளிமையானது, ஆனால் மேலிடத்தில் சம்மதம் வாங்க மிகவும் கஷ்டமானது. எஸ்டிமேட் போடுவதை நிறுத்தினார்கள். கையில் இருக்கும் வேலைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். இடம் காலியானால் அடுத்து எதை உள்ளே விடுவது என்பதை மட்டும் வேலை கேட்கும் பிரிவுகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும். கோட் எழுதுவது, டெஸ்ட் செய்வது எப்படி என்பதில் முதலில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு வருடத்துக்குள் குவிந்து கிடந்த பேக்லாக் கரைந்தது, ஐந்து மாதம் ஆன வேலைகள் சில வாரங்களில் முடிந்தன. அதே ஹைதராபாத் டீம், அதே நேர வித்தியாசம். ஆஃப்ஷோர் டீம் என்றாலே மெதுவாகத்தான் இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எனக்கு இதில் ரொம்பவே பெருமை.

இப்போது 60-க்கும் 38-க்கும் வருவோம். உங்கள் மேனேஜர் கேட்பது நியாயமான கவலையிலிருந்து வரும் தவறான கேள்வி. ஸ்டோரி பாயிண்ட் என்பது ஒரு டீம் தன் வேலைகளைத் தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ள வைத்த அளவு. அதற்குப் பொதுவான அலகு கிடையாது. பக்கத்து டீமின் 5 உங்கள் டீமின் 3 ஆக இருக்கலாம். இப்படி ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் அதிகாரப்பூர்வ வழிகாட்டியில் ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது. அது எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையைப் பின்பற்றியவர்களிடமிருந்து வந்த பழக்கம். அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸே, ஸ்டோரி பாயிண்ட் இன்று பயன்படுத்தப்படும் விதத்தைப் பார்த்து வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஸ்க்ரம் வழிகாட்டியில் 2011-இல் இன்னொரு திருத்தமும் வந்தது. டீம் ஸ்பிரிண்டில் எடுக்கும் வேலையை அதற்கு முன் வாக்குறுதி என்று சொல்லி வந்தார்கள். அதை முன்கணிப்பு என்று மாற்றினார்கள். நம் அலுவலகங்களில் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு அளவையே இலக்காக ஆக்கிவிட்டால் அது அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது இந்தக் கருத்தைச் சொன்னார். உங்கள் டீமிடம் 60 வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், மூன்றாவது ஸ்பிரிண்டில் 60 வந்துவிடும். 3 பாயிண்ட் வேலைக்கெல்லாம் 5 போட்டிருப்பார்கள். கிளையண்டுக்குப் போய்ச் சேரும் வேலையில் மாற்றம் இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் டீமின் எந்த எண்ணையும் நீங்களே நம்ப முடியாது. இழப்பு அதுதான்.

மேனேஜரிடம் போய் "ஒப்பிடுவது தப்பு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கும் மேலே ஒருவர் கேட்கிறார், அவருக்குக் காட்ட ஏதாவது எண் வேண்டும். நம்பக்கூடிய எண்ணைக் கொடுங்கள். இப்படிச் சொல்லலாம்: "சார், பாயிண்ட்டை வைத்து கிளையண்டுக்கு எப்போது கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தேன். தொடங்கிய வேலையில் பத்துக்கு எட்டு 26 நாளுக்குள் முடிகிறது. இதை மூன்று மாதத்தில் 12 நாளுக்குக் கொண்டுவர முயற்சி செய்கிறேன். மாதம் ஒரு முறை இந்த எண்ணையும், புரொடக்‌ஷனில் வந்த பக் எண்ணிக்கையையும் உங்களுக்குக் காட்டுகிறேன்." எண்களை உங்கள் பலகையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தோடு தரத்தையும் சேர்த்துக் காட்டுவது முக்கியம். ஒன்றை மட்டும் காட்டினால் மற்றொன்றைப் பலி கொடுக்கத் தோன்றும். மென்பொருள் டீம்களின் செயல்திறன் பற்றி நிக்கோல் ஃபோர்ஸ்கிரன் குழுவினர் செய்த டோரா ஆய்வுகளும் இதே இரட்டைப் பார்வையைத்தான் வைத்தன: எத்தனை முறை ரிலீஸ் செய்கிறீர்கள், ஒரு மாற்றம் புரொடக்‌ஷன் போக எவ்வளவு நேரம் என்பது ஒரு பக்கம், எத்தனை ரிலீஸ் சொதப்புகிறது, சொதப்பினால் எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கிறீர்கள் என்பது மறுபக்கம்.

கிளையண்ட் தருவதாகச் சொல்லும் இரண்டு பேரை இப்போது வாங்காதீர்கள். ஐபிஎம்மில் சிஸ்டம்/360 இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று. 9 பேருக்குள் ஒருவரோடு ஒருவர் பேச 36 இணைப்புகள். 11 பேர் ஆனால் 55. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதும் உங்கள் நல்ல டெவலப்பர்தான், அவரோ ஏற்கெனவே ஒரு காலை வெளியே வைத்திருக்கிறார். பில்லிங் கூடும் என்று கம்பெனி ஆசைப்படும், தெரியும். மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். அப்போதும் டெஸ்டிங்தான் நெருக்கடி என்று தெரிந்தால், தானியங்கி சோதனை தெரிந்த ஒருவரை மட்டும் கேளுங்கள்.

தினசரி ஸ்டாண்ட்-அப் மீட்டிங் 45 நிமிடம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 15 நிமிடம் என்பது விதி. "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்ற மூன்று கேள்வி வடிவத்தை 2020-இல் ஸ்க்ரம் வழிகாட்டியே எடுத்துவிட்டது. ஆளாளாகக் கேட்காமல் பலகையில் வலது கோடியிலிருந்து, அதாவது முடிவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து தொடங்கி, இது இன்று முடிய என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ஸ்பிரிண்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவில் பதினைந்து குறை எழுதி ஒன்றையும் செய்யாமல் விடுவதைவிட, ஒன்றே ஒன்றை எடுத்து அடுத்த ஸ்பிரிண்டில் செய்து முடியுங்கள். இதற்கு மேல் சடங்குகளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அந்த நல்ல டெவலப்பர் ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு பேசுவதில் அர்த்தமில்லை. நம் ஊரில் பல கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் பீரியட். கையில் வேறு ஆஃபர் வந்த பிறகு அந்த 90 நாளும் விடை பெறும் நாட்கள்தான். இந்த வாரமே அவரோடு தனியாக உட்காருங்கள். இன்டர்வியூ போகிறாயா என்று கேட்காதீர்கள், அது விசாரணை ஆகிவிடும். கடைசியாக எந்த வேலை உனக்குப் பிடித்திருந்தது, இங்கே எது உன்னைச் சலிப்படையச் செய்கிறது என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். பெரும்பாலும் சம்பளம் மட்டும் காரணமாக இருக்காது. நன்றாக வேலை செய்பவர் என்பதாலேயே எல்லா அவசர பக்கும் அவர் தலையில் விழுந்திருக்கும், புதிதாக எதையும் வடிவமைக்கும் வாய்ப்பு போன வருடம் முழுக்க வந்திருக்காது. உங்களால் மாற்றக்கூடியது அது. சம்பளம் உங்கள் கையில் இல்லை என்றால், இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள். அவர் போவதே அவருக்கு நல்லது என்று தெரிந்தால் மனதாரப் போக விடுங்கள். நம் தொழில் வட்டம் சின்னது. நாளை அவர் உங்களை வேறு இடத்துக்குக் கூப்பிடலாம்.

இப்படி எல்லாரோடும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது தனியாகப் பேச வேண்டும். டிக்கெட் நிலவரம் கேட்க அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அதற்குத்தான் பலகை இருக்கிறது. அப்ரைசலுக்கு முந்தின ராத்திரி வருடம் முழுவதையும் நினைவுபடுத்தப் பார்த்தால் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் வரும். மாதா மாதம் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே நாலு வரி எழுதி வையுங்கள்: என்ன செய்தார், யாருக்கு உதவினார், எது கஷ்டமாக இருந்தது. பில்டு உடைந்தால் சத்தமில்லாமல் சரி செய்பவர், ஃபிரெஷர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர், இவர்கள் வேலை எந்த டிக்கெட்டிலும் இருக்காது. நீங்கள் எழுதி வைக்காவிட்டால் ரேட்டிங் மீட்டிங்கில் அவர்களுக்காகப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. அந்த மீட்டிங்கில் அவர்களுக்காக வாய் திறக்கப் போவது நீங்கள் ஒருவர்தான்.

கிளையண்டோடு பேசும் ராத்திரி போன் கால்கள் யார் தலையில் விழுகின்றன என்றும் பாருங்கள். ஒன்பதரை மணி கால் தினமும் ஒரே ஆளுக்கு என்றால் அவர் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார். குழந்தை உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதனாலேயே வேலையை விடுவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கெல்லாம் "சொந்தக் காரணம்" என்றுதான் பதிவாகும். முறை வைத்து மாற்றுங்கள். ராத்திரி எடுத்தவர் மறுநாள் காலை தாமதமாக வரலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

ஃபிரெஷர்களுக்கு வருடம் முழுக்க பக் சரிசெய்யும் வேலையே கொடுக்காதீர்கள். சின்னதாக ஒரு வசதியை வடிவமைப்பதிலிருந்து புரொடக்‌ஷன் வரை அவர்களே கொண்டு போகட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். தவறு செய்தால் உடனே வந்து சொல்லும் தைரியம் அவர்களுக்கு இருக்கிறதா என்பதுதான் உங்கள் டீமுக்கான உண்மையான சோதனை. ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே விளக்கமாகத் தோன்றியது. மற்ற குழுக்களில் மறைத்தார்கள். பின்னால் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும் இந்தப் பயமின்மைதான் முதலிடத்தில் வந்தது. வியாழக்கிழமையே "இது முடியாது போலிருக்கிறது அண்ணா" என்று சொல்லும் ஃபிரெஷர் உங்களுக்கு ஒரு வாரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறார். அவரை எல்லார் முன்னாலும் திட்டினால் அடுத்த முறை டெமோ அன்றுதான் தெரியவரும்.

மேனேஜரா, ஆர்கிடெக்டா? இதற்கு உங்கள் வார நாட்களே பதில் சொல்லும். ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசி அவர் குழப்பம் தெளிந்து எழுந்து போகும்போது உங்களுக்கு வேலை செய்த திருப்தி வருகிறதா, அல்லது அந்த ஒரு மணி நேரம் வீணானது போல இருக்கிறதா? சிக்கலான புரொடக்‌ஷன் கோளாறு வந்தால் நீங்களே லாகைத் திறக்கத் துடிக்கிறீர்களா, அல்லது யாரை யாரோடு உட்கார வைக்கலாம் என்று யோசிக்கிறீர்களா? சம்பளத்தையும் விசிட்டிங் கார்டையும் வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் கம்பெனிகளில் தொழில்நுட்பப் பாதை ஒரு கட்டத்துக்கு மேல் குறுகலாகிவிடும் என்பது உண்மைதான். பிராடக்ட் கம்பெனிகளில் ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்று மேனேஜருக்கு இணையான படிகள் உண்டு. ஆகவே ஆர்கிடெக்ட் பாதைதான் என்று முடிவானால், என்றாவது ஒரு நாள் கம்பெனி மாற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இது ஒரு வழிப் பாதை என்று நினைக்க வேண்டாம். இரண்டு, மூன்று வருடம் ஆட்களை நடத்திவிட்டு மறுபடி கோட் எழுதத் திரும்பி, அப்புறம் மறுபடி நடத்தப் போவது நல்ல தொழில் வாழ்க்கைதான் என்று மென்பொருள் பொறியாளர் சாரிட்டி மேஜர்ஸ் 2017-இல் எழுதினார். எனக்கும் அதில் முழு உடன்பாடு. ஆட்களை நடத்தியவர் வடிவமைக்கும்போது, யார் இதைப் பராமரிக்கப் போகிறார்கள் என்று யோசிப்பார். கோட் எழுதியவர் ஆட்களை நடத்தும்போது, எந்த எஸ்டிமேட் நடக்காது என்று அவருக்குத் தெரியும். இப்போதைக்கு லீடாக இருந்துகொண்டே கோட் எழுதுங்கள், ஆனால் ரிலீஸுக்கு முக்கியமான ஸ்டோரியை நீங்கள் எடுக்காதீர்கள். மீட்டிங்கில் நீங்கள் மாட்டிக்கொண்டால் மொத்த டீமும் உங்களுக்காகக் காத்திருக்கும். பில்டு வேகம், சோதனைக் கருவி, பழைய கோட் சுத்தம் செய்வது போன்றவற்றை எடுங்கள். ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் வேண்டுமா என்றால், இரண்டு நாள் வகுப்பு, ஒரு தேர்வு, ரெஸ்யூமே வடிகட்டலில் உதவும். கம்பெனி பணம் கட்டினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஜிரா. மாற வேண்டாம். டீம் ஏற்கெனவே மூச்சு முட்டும்போது புது டூலுக்கு டிக்கெட்டுகளை இடம் மாற்றுவது இன்னொரு வேலை. இப்போதைய பலகையில் "ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது", "டெஸ்டிங்குக்குக் காத்திருக்கிறது", "கிளையண்ட் பதிலுக்குக் காத்திருக்கிறது" என்று மூன்று பத்திகளைச் சேருங்கள். இப்போது அவை "இன் புரோகிரஸ்" என்ற ஒரே பத்திக்குள் ஒளிந்திருக்கின்றன. பத்திகளுக்கு வரம்பு வைக்கும் வசதி ஜிராவிலேயே இருக்கிறது; வரம்பு மீறினால் பத்தி சிவப்பாகும். முதல் மாதம் எடுத்த எடுப்பிலேயே 8-க்கு இறங்காமல் 24-ஐ 16 ஆக்குங்கள், அடுத்த மாதம் 12, அப்புறம் 8. புது டிக்கெட்டைத் தொடங்க யாராவது கை நீட்டினால், முதலில் அந்த மூன்று பத்திகளில் எதையாவது நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, உங்கள் மேனேஜரிடம் அந்தக் கணக்கோடு போய் உட்காருங்கள்.